தில்லையண்ணையின் ஓமோம்

ஒஸ்லோவில் முதல் முதலாகத் தனியே வில்லுப்பாட்டுப் பாடிவிட்டு, ரெயிலும் பஸ்ஸும் கப்பலும் மாறி, நோர்வேயின் வடக்குக் கரையில் ஸ்கார்வோய் என்கிற தன்னுடைய மீன்பிடித் தீவுக்குத் திரும்பி வந்த மங்கை, இறங்குதுறையில் நின்ற புருசனைப் பார்த்து "என்ன குளிரப்பா!" என்று சொன்னதுதான் தாமதம், அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து, ஆளில்லாத இடத்திலிருந்து, கட்டையான ஓர் ஆம்பிளைக் குரல் "ஓமோம்!" என்றது.

புருசன் யோகன் எட்டிப் பார்த்தான். பின்னால் கடல்தான் கிடந்தது.

"ஆரப்பா அது?"

"எனக்கென்ன தெரியும்."

"ஓமோம்!" என்றது குரல்.

பெட்டி பாரமாக இருந்தபடியால் அவர்கள் அதைப்பற்றி அதற்குமேல் கதைக்காமல், ஆளுக்கொரு கைபிடியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் குரல் ஆருடையது என்று கண்டுபிடிக்க ஸ்கார்வோய்த் தமிழ்ச்சனத்துக்கு ஒரு நாள்கூட எடுக்கவில்லை. வில்லுப்பாட்டில் முன்னுக்கிருந்து கதை சொல்லுகிற ஆளுக்குப் பக்கத்தில் இருந்து ஆமா போடுகிறவர் ஒருவர் இருப்பார் அல்லவா, மற்ற ஊர்களில் எல்லாரும் "ஆமா, ஆமா" என்று மேடைக்கென்று ஒரு தமிழில் போட, யாழ்ப்பாணத்தில் மங்கையின் குழுவில் இருந்த தில்லையம்பலம் மட்டும் வீட்டில் பெண்சாதிக்குச் சொல்லுகிற மாதிரி "ஓமோம்" என்று போடுவார். முதல் ஓமில் ஒரு சிரிப்பு இருக்கும், இரண்டாவது ஓமில் ஒரு பெருமூச்சு இருக்கும், அந்த இரண்டுக்கும் நடுவிலேதான் சனம் கதையை நம்பும். மங்கை ராசா வந்தான் என்று சொன்னால் சனம் அவளை நம்பாது. தில்லையண்ணை ஓமோம் என்ற பிறகுதான் ராசா வந்து சேருவான்.

சண்டை முற்றி ஊர் கலைந்தபோது மங்கை கலியாண விசாவில் யோகனிடம் வந்து சேர்ந்தாள். தில்லையண்ணையும் அவருடைய பெண்சாதி புஸ்பமும் எங்கெங்கோ சுற்றி, அகதியாக அதே தீவில் வந்து ஒதுங்கினார்கள். மங்கைக்கும் தில்லையண்ணைக்கும் மீன் பக்டரியில் எதிரெதிர் மேசை. கையுறைக்குள் விரல் மரத்துப்போக, கொட் மீனின் முள்ளை உருவிக்கொண்டே இருவரும் வாயால் தாளம் போட்டுப் பழகி, ஒரு மாரிகாலம் முழுக்க இருந்து வில்லைத் திரும்பவும் கட்டினார்கள். கமுகும் மூங்கிலும் கிடைக்காத நாட்டில் பழைய பனிச்சறுக்குக் கட்டையை வெந்நீரில் ஊறப்போட்டு வளைத்தார்கள். சலங்கை கிடைக்காமல் செம்மறியாட்டுக் கழுத்து மணிகளைக் கட்டினார்கள். மண்குடத்துக்குப் பதிலாகப் பால் கொண்டுவருகிற தகரக் கான் வந்தது. அந்த வில்லோடு கோயிலறையிலும் பிறந்தநாள் வீடுகளிலும் பாடினார்கள். பாடப்பாட மங்கையின் பெயர் தெற்கே போனது. ஒஸ்லோவிலிருந்து ஞானசேகரம் என்கிற விழாக்காரர் போன் எடுத்தார்.

மங்கை ஊருக்குச் சொன்ன கதை இது: விழாக்காரர் ஒருவருக்குத்தான் பயணச்சீட்டுத் தருவாராம், என்ன செய்யிறது. நடந்தது வேறு. ஞானசேகரம், "தங்கச்சி, எத்தினை பேர் வாறியள்?" என்றுதான் கேட்டார். மங்கைக்கு ஒரு நிமிசம் தன்னுடைய முகம் மட்டும் பெரிசாகப் போட்ட போஸ்டர் ஒன்று கண்ணுக்குள் வந்து நின்றது. பக்கத்தில் தில்லையண்ணையின் வழுக்கைத் தலை இல்லாத போஸ்டர். "நான் மட்டுந்தான் அண்ணை" என்று அவளுடைய வாய் சொல்லிவிட்டது.

பிறகு அவள் கசற் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு தில்லையண்ணை வீட்டுக்குப் போனாள். "அண்ணை, உங்களுக்கு ஏன் வீணா ஷிப்ட் கெடுவான், சும்மா கொஞ்ச ஓமோமைச் சொல்லித் தாங்கோ, பதிஞ்சு கொண்டு போறன்" என்றாள். அவர் குசினிக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, மேடையில் இருக்கிறமாதிரியே வேட்டித்தலைப்பை ஒதுக்குகிற பாவனையில் காற்சட்டையைத் தட்டிவிட்டு, விதம் விதமாகச் சொல்லிக் கொடுத்தார். சோகத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, பகிடிக்கு ஒன்று. கடைசியில் அவள், "அப்ப நான் தனியப் போட்டு வரட்டோ அண்ணை?" என்று கேட்டாள். றெக்கோடர் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "ஓமோம்" என்றார்.

அதற்குப் பிறகு கனகாலம் அவர் வாயிலிருந்து ஓமோம் வரப்போகிறதில்லை என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

சனம் அதிசயத்துக்குப் பழகுகிற வேகத்தைச் சொல்ல வேண்டும். முதல் கிழமை பிள்ளைகள் மங்கைக்குப் பின்னால் ஓடித்திரிந்து, "மாமி, ஏதாவது சொல்லுங்கோ, மாமி, ஏதாவது சொல்லுங்கோ" என்று கெஞ்சினார்கள்; இரண்டாம் கிழமை அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. பக்டரி மேற்பார்வையாளர் ஹெல்கே, மீன் பெட்டி நிறுக்கிற இடத்தில் மங்கையை நிறுத்தி நிறையைச் சத்தமாகச் சொல்லச் சொன்னான். அவள் சொல்ல, பின்னால் ஓமோம் வர, அந்தத் தாளத்தில் வேலை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்குக் கூப்பிடுகிற வெள்ளைக்காரக் கிழவிகள் குரலுக்கென்று ஒரு கதிரை போட்டு ஒரு கோப்பையும் வைத்தார்கள், கோப்பி ஆறிப்போனால் மாற்றி ஊற்றினார்கள். கலியாணம் பேசுகிறவர்கள் மங்கையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்; "பெடியன் குடிக்கமாட்டான்" என்று அவள் சொல்ல, "ஓமோம்" என்று வயசான ஆம்பிளைக் குரல் ஒன்று சொன்னால் பெட்டை வீட்டுக்காரர் ஏன் நம்பமாட்டார்கள்? மங்கையின் இரண்டு வயசு மகள், தாய் "வாயைத் திற, சோறு" என்றால் திறக்காது; பின்னால் "ஓமோம்" வந்தால் திறந்துவிடும்.

அந்தக் குரலுக்கு மெய் பொய் தெரியாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. "கடல் தேத்தண்ணி மாதிரி இனிக்குது" என்றாலும் ஓமோம்தான். பக்டரிப் பெண்கள் அதற்கும் சிரித்தார்கள். "என்ர மனுசனுக்கும் இப்பிடி ஒண்டு பூட்டி விடடி" என்றார்கள். கோப்பன்ஹேகனிலிருந்தும் பாரிசிலிருந்தும் போன் வந்தது. ஆளில்லாமல் ஓம் போடுகிற மேடையைப் பார்க்கச் சனம் வரிசையில் நின்றது. கசற்றை மங்கை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டாள், அதற்கு இனித் தேவை இருக்கவில்லை. போஸ்டர்களில் அவள் முகம் வரவரப் பெருத்தது.

அதே நாட்களில் தில்லையண்ணை வீட்டில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது.

முதலில் புஸ்பம்தான் கண்டுபிடித்தாள். "கறிக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டால் மனுசன் வாயைத் திறக்கிறார், கொட் மீன் மாதிரி மூடுகிறார், சத்தம் வருகிறதில்லை. "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றாலும் அப்படித்தான். "வேண்டாமோ?" என்றால் "இல்லை" என்று மணிமணியாய் வருகிறது. அவருக்கு ஓம் என்கிற சொல் இல்லாமல் போய்விட்டது. தலையாட்டச் சொன்னார்கள், கழுத்து மரம் மாதிரி நின்றது. பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் ஓமுக்கு யா என்று சொல்லப் பழக்கினார்கள், யாவும் வரவில்லை. ஹெல்கே கூடுதல் வேலை நேரம் கேட்டபோது சொல்ல முடியாமல் நின்று, அது வேறு ஆளுக்குப் போனது. தேத்தண்ணி இல்லாமல், இரண்டாந்தரம் சோறு இல்லாமல், மனுசன் மெலிந்தார். சனம் அதற்கும் பழகிக்கொண்டது. எல்லாவற்றையும் தலைகீழாகக் கேட்கத் தொடங்கினார்கள். "தில்லையண்ணை, உங்களுக்கு ஒண்டும் வேண்டாந்தானே?" "இல்லை!" "அப்ப இந்தாங்கோ வடை."

சனம் சிரித்துச் சமாளிக்கலாம். அகதி விசாரணைக்கு வருகிற அதிகாரி தலைகீழாகக் கேட்கமாட்டாள்.

மாரி தொடக்கத்தில் ஒரு பெண் அதிகாரி கப்பலில் வந்து, தில்லையண்ணை இந்த நாட்டில் இருக்கலாமா, இல்லைத் திரும்பிச் சண்டைக்குள்ளேயே போகவேண்டுமா என்று தீர்மானிக்க ஒரு முழு நாள் இருந்து கேட்டாள். அவர் எல்லாம் சொன்னார். ஊர் எரிந்ததைச் சொன்னார், தம்பியைச் சொன்னார். கடைசியில் அவள், "நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதானா?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார்.

"பொய்யில்லை" என்றார் ஒருபடியாக.

"பொய்யில்லை என்றால் உண்மை என்று ஆகாது" என்றாள் அவள், கோபமில்லாமல். "றெக்கோடரில் உங்கள் வாயாலே ஆம் என்று வரவேண்டும். தை பிறக்கக் கப்பல் வரும்போது வருவேன். அதுதான் கடைசித்தரம்."

இதைக் கேள்விப்பட்ட நாள் தொட்டு மங்கை தில்லையண்ணைக்கு எதிர்மேசையில் நிமிர்ந்து நின்று வேலை செய்யவில்லை. மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீனுக்கும் கண் இருந்தது. தெருவில் அவர் வந்தால் பனிக்குள் கால் புதையப் புதைய மற்றப் பக்கத்துக்குப் போனாள். அவர் ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள், அவரோ காணும்போதெல்லாம் "என்ன பிள்ளை, பாட்டுகள் எப்பிடிப் போகுது?" என்று முகம் மலர்ந்து கேட்டார். அவள் "ஏதோ அண்ணை, கடவுள் புண்ணியத்தில" என்பாள். அவருடைய குரலே அவருக்கு முன்னால் "ஓமோம்" என்று போடும். அவர் அதைத் தலையைச் சரித்துக் கேட்பார், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை போனில் கதைக்கிறதைக் கேட்கிற தகப்பனைப்போல. மங்கைக்கு நின்ற இடத்தில் பனி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போலிருக்கும்.

ஒருநாள் புஸ்பம் அவளைக் கடையில் மறித்தாள்.

"மங்கை, ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு இவரை ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

"நான் கூட்டிக்கொண்டு போகத்தான் அக்கா ஆசைப்பட்டனான். அவையள்தான் ஒரு ஆளுக்கெண்டு சொல்லிப்போட்டினம்."

"ஓமோம்!" என்றது புஸ்பத்தின் புருசனுடைய குரல், மரக்கறித் தட்டுகளுக்கு நடுவில்.

புஸ்பம் கையிலிருந்த கரட் பையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "அந்தச் சத்தம் எங்கட வீட்டில இல்லைப் பிள்ளை" என்றாள். "உம்மட்டை இருக்கட்டும். ஆனால் அவற்ற வாயை வைச்சு என்னட்டைப் பொய் சொல்லாதையும்."

மங்கைக்கு முகம் பற்றி எரிந்தது. உறைந்த மீன் அடுக்கியிருந்த பெட்டிக்குமேல் குனிந்து, ஏதோ தேடுகிறமாதிரி, புஸ்பம் போகுமட்டும் நின்றாள்.

வீட்டுக்குப் போய்க் குரலைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தாள்தான். எப்படிக் கொடுக்கிறது? "போ" என்றாள், "ஓமோம்" என்றது, போகவில்லை. அதோடு, தைக்குப் பிறகு லண்டனில் பெரிய மேடை ஒன்று இருந்தது. குரல் இல்லாத மங்கையை லண்டனில் ஆர் கேட்பார்கள்? அந்த நினைப்பு வந்ததற்காக இன்னொருதரம் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே அந்த நினைப்பை வைத்திருந்தாள்.

தை பிறந்து கப்பல் வந்தது. விமானத்தில் வந்து அதிகாரியோடு சேரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் புயலில் மாட்டி நடுவழியில் நின்றுவிட்டார். ஊரில் நோர்வேஜியமொழி வடிவாகத் தெரிந்தவள் மங்கை. சனத்துக்கு மூளை வேலை செய்தது.

"நல்லதாப் போச்சு!" என்றான் யோகன். "நீ இருந்து கேள்வியைத் தமிழில சொல்லு. பின்னால அவற்ற குரலே ஓமோம் எண்டு போடும். றெக்கோடருக்கு என்ன தெரியப்போகுது!"

எல்லாரும் கை தட்டினார்கள். மங்கையும் தலையாட்டினாள். ஒன்றும் வெளியே வராமல் எல்லாம் சரிவந்துவிடும் போலிருந்தது. அவளுக்கு வந்த ஆறுதலில் அந்த ஆறுதலின் அசிங்கம்கூடத் தெரியவில்லை.

நகரசபை அறையில் தில்லையண்ணையும் புஸ்பமும் ஒரு பக்கம் இருந்தார்கள். மங்கை எதிர்ப்பக்கம் அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்தாள். றெக்கோடர் நடுவில் சுற்றியது.

அதிகாரி கேட்க, மங்கை தமிழில் சொன்னாள்: "போனமுறை நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையோ?"

"ஓமோம்!" என்றது குரல். யன்னலுக்கு வெளியே நின்ற சனம் முதுகில் தட்டிக்கொண்டது.

அதிகாரி தலையை அசைத்தாள். அவள் கெட்டிக்காரி, வேலையைச் சரியாகச் செய்கிறவள். ஆகையால் அடுத்ததையும் கேட்டாள்.

"இதையெல்லாம் சொல்லச் சொல்லி ஆரும் சொல்லித் தந்தவையோ?"

இதற்கும் குரல் என்ன சொல்லும் என்று மங்கைக்குத் தெரியும். சொல்லாமலும் இருக்க முடியாது. சொன்னாள்.

"ஓமோம்!"

"ஊர் எரிஞ்சது எண்டது பொய்யோ?"

"ஓமோம்!"

புஸ்பம் வாயைப் பொத்தினாள். தில்லையண்ணை "இல்லை, இல்லை, இல்லை" என்று எழும்பினார். அதிகாரி பேனையைக் கீழே வைத்தாள். பயப்படவில்லை, ஆச்சரியப்படவுமில்லை. வடக்கில் கனகாலம் வேலை செய்தவள். மங்கையின் தோளுக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு,

"இது யாருடைய குரல்?" என்றாள்.

"அவருடையது."

"ஓமோம்."

"அவருடையது என்றால், ஏன் உங்கள் பக்கத்திலிருந்து வருகிறது?"

இத்தனை மாதமாய் ஸ்கார்வோயில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. எல்லாருக்கும் தெரிந்திருந்தபடியால் ஒருவரும் கேட்கவில்லை. மங்கை யன்னலைப் பார்த்தாள். பக்டரிப் பெண்கள், கோயிலறைக்காரர், பிள்ளைகள், தோளில் மகளோடு யோகன், எல்லா முகங்களும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"பதிலை அவருக்கும் விளங்குகிற மொழியில் சொல்லுங்கள்" என்றாள் அதிகாரி. "இது அவருடைய விசாரணை."

மங்கை தில்லையண்ணையைப் பார்த்தாள். மாரி முழுக்க நிமிர்ந்து பார்க்காத முகம். மேடையில் பத்து வருசம் பக்கத்தில் இருந்தும், பக்கத்தில் இருந்தபடியாலே, நேரே பார்த்திராத முகம். கன்னம் ஒட்டிப்போய் இருந்தது.

"அண்ணை," என்றாள். "ஞானசேகரத்தார் ஒரு ரிக்கெட் எண்டு சொல்லவே இல்லை. எத்தினை பேர் எண்டுதான் கேட்டவர். நான்தான் என்ர வாயால ஒரு ஆள் எண்டு சொன்னனான். போஸ்டரில நான் மட்டும் நிக்கவேணுமெண்டு ஆசைப்பட்டுப்போனன். உங்கட சத்தத்தை மட்டும் உரிச்சு எடுத்துக்கொண்டு, உங்களை மீனோட விட்டிட்டுப் போனனான். தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான்."

சொல்லிவிட்டு, வழக்கம்போல, பின்னாலிருந்து வரப்போகிறதற்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தாள்.

வரவில்லை.

றெக்கோடர் சுற்றுகிற சத்தம் கேட்டது. முதுகுப்பக்கம் குளிர்ந்தது, ஆரோ எழும்பிப்போன கதிரை மாதிரி. மேசைக்கு அங்கால் தில்லையண்ணையின் உதடுகள் பிரிந்தன. கழுத்து அசைந்தது, மேலும் கீழும், மெதுவாக, துருப்பிடித்த கதவு திறக்கிறமாதிரி. அவர் அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டு,

"ஓமோம்" என்றார்.

முதல் ஓமில் சிரிப்பு இருக்கவில்லை. பெருமூச்சு இரண்டிலும் இருந்தது.

புஸ்பம் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அதிகாரி, அது தன்னுடைய கேள்விக்குச் சொன்ன ஆம் இல்லை என்று தெரிந்துகொண்டே, கேள்விகளைத் திரும்ப முதலில் இருந்து கேட்டாள். எது உண்மையோ அதற்கு ஓம் என்றும், எது உண்மையில்லையோ அதற்கு இல்லை என்றும் அவர் தன்னுடைய வாயால் சொன்னார். மங்கை ஒவ்வொன்றையும் நோர்வேஜியமொழியில் மாற்றிச் சொன்னாள். ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அவர்களுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. சனம் மங்கையை ஏசவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பக்டரியில் எப்போதும்போலத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். ஆனால் கலியாணம் பேச ஒருவரும் கூப்பிடவில்லை. ஓம் போடுகிற குரல் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் லண்டன்காரர், "பிறகு பாப்பம் தங்கச்சி" என்று போனை வைத்தார்கள்.

ஒரு கிழமை கழித்து அவள் வெற்றிலைக்குப் பதிலாக ஒரு பெட்டி அப்பிளோடு தில்லையண்ணை வீட்டுக்குப் போய்க் கதவுக்குள்ளேயே நின்றாள்.

"அண்ணை, திரும்ப மேடைக்கு வருவியளோ? போஸ்டரில உங்கட முகத்தை முன்னுக்குப் போடுவம்."

அவர் அப்பிளில் ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றார், அன்பாக. முன்னைப்போல வாய்க்கு வேறு வழியில்லாமல் வந்த இல்லை அல்ல அது. ஓம் சொல்லத் தெரிந்த மனுசன் சொன்ன இல்லை. மங்கை அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பகல் நீளத் தொடங்கிய பங்குனியில், மீனவர் மண்டபத்தில் தில்லையண்ணை தானே முன்னுக்கிருந்து கதை சொல்லத் தொடங்கினார், உடைந்த நோர்வேஜியமொழியில், ஊறுகாய்ப் போத்தலோடு கப்பலேறித் தப்பிவந்த ஒருவனுடைய கதையை. அவருக்கு ஓம் போட, பக்டரியில் இருந்து இளைப்பாறிய ஊனி என்கிற கிழவி வந்து பக்கத்தில் இருந்தாள். அந்தக் கரைச் சனத்துக்கு ஒரு வழக்கம், ஆம் என்பதை மூச்சை வெளியே விட்டுச் சொல்லமாட்டார்கள், திடுக்கிட்டவர்களைப்போல உள்ளே இழுத்துச் சொல்லுவார்கள். தில்லையண்ணை ஒரு வரி சொல்ல, ஊனி "ஹ்யா" என்று மூச்சை இழுக்க, மண்டபம் முழுக்கச் சேர்ந்து மூச்சை இழுத்தது. போத்தல் கடலில் விழுந்தபோது ஒருவரும் மூச்சை வெளியே விடவில்லை.

மங்கை கடைசி வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஊனி ஓரிடத்தில் பிந்திவிட்டாள். மங்கையின் நாக்கு தானாக எழும்பியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது அவளுடைய இடமில்லை.

முடிந்ததும் தில்லையண்ணை சனத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். வியர்த்திருந்தார்.

"எப்பிடிப் பிள்ளை? பரவாயில்லையோ?"

"நல்லாயிருந்தது அண்ணை" என்றாள் மங்கை.

அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. அவள் சொன்னதற்கு ஒருவரும் ஓம் போடவில்லை. அந்தச் சொல் இரண்டு பேருக்கும் நடுவில் தனியே, பிடிக்க ஆளில்லாமல் நின்றது. நம்புகிறதோ விடுகிறதோ அவர் பாடு. அவர் அவளுடைய முகத்தைக் கனநேரம் பார்த்தார், அவள் இந்தமுறை குனியாமல் நின்றாள், முகம் எரிய எரிய.